இடது முழங்காலில் முப்பத்திரண்டு கிலோ

அவனைப் பற்றிச் சொல்வதென்றால் எடையில்தான் தொடங்க வேண்டும். முப்பத்திரண்டு கிலோ. கால்நடை மருத்துவரின் தராசில் நானே ஏற்றி நிறுத்தியது. ஆனால் அந்த எடை எவ்வளவு என்று எனக்கு உண்மையில் தெரிந்தது என் இடது முழங்காலில்.

யார் வந்து நின்றாலும் அவன் மெதுவாக எழுந்து போவான். கையை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பான். பிறகு பக்கவாட்டில் திரும்பி, தோளிலிருந்து தொடை வரை மொத்த உடம்பையும் அவர்களுடைய இடது காலில் சாய்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனுக்கு கடைசியில் இடம் கிடைத்தது போல ஒரு மூச்சு விடுவான். ஏன் எப்போதும் இடது கால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான்.

சாய்ந்த பிறகு நாம் நகரக் கூடாது. நகர்ந்தால் அவன் விழுந்துவிடுவான். தன் கால்களை நம்பி அவன் பாதி எடையைக்கூட வைத்துக்கொள்வதில்லை. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், நாய் தன் காலில் சாய்ந்ததும் பயந்துபோய்ச் சட்டென்று விலகினார். இவன் அப்படியே பக்கவாட்டில் தரையில் விழுந்தான். கோபமோ வெட்கமோ இல்லை. எழுந்து உதறிக்கொண்டு, நின்றிருந்த சிலிண்டரில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

அவன் எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய இனம். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, நீண்ட கால். ராஜபாளையத்துக்காரன் என்று வெளியூரில் சொன்னால் நம்மைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாயைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் ஒரு ரயில் பயணம் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டு வரக்கூடியவன்தான். ஒருவனுக்கு மட்டுமே அடங்கும், இன்னொருவன் கை பட்டால் கையிருக்காது என்றெல்லாம் சொல்வேன். வாங்கி வந்த புதிதில் அவனுக்கு ஒரு போர்வீரனின் பெயரை வைத்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி நான் அதட்டும்போதெல்லாம், யாரையோ கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று அவன் பின்னால் திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. நாய் வளர்க்கிற வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்டைத் திறக்க மாட்டார்கள். வெளியே நின்று, "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அவன் ஒண்ணும் செய்ய மாட்டான், வாங்க" என்பார். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்லும்போது வீட்டுக்காரர் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும். கேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே அந்த வீட்டின் மதிப்பைச் சொல்லிவிடலாம்.

என் வீட்டுக்கு எதிரே ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நாய் இதுவரை நான்கு பேரைக் கடித்திருக்கிறது. நாலாவது ஆள் அவரே. அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது என் கேட்டருகே நின்றுதான் "நாயைப் பிடிங்க!" என்று கத்துவார்கள். சத்தம் கேட்டு என் நாய் வெளியே போய், கத்துகிறவரின் இடது காலில் சாய்ந்துகொள்ளும். அவரும் ஒரு கையால் இவன் தலையைத் தடவிக்கொண்டே எதிர்வீட்டு நாய்க்குப் பயந்து கத்திக்கொண்டிருப்பார். இதை நான் மாடி ஜன்னலிலிருந்து நான்கு வருடம் பார்த்தேன். படித்த மனிதனாக இருந்தால் சிரித்திருக்க வேண்டும். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

என் வீட்டுக்கு யாரும் குரல் கொடுத்து வந்ததில்லை. நேராக அடுப்படி வரை வருவார்கள். கீரைக்காரம்மா கூடையை இறக்க வசதியாக அவனை இடுப்பால் தள்ளிவிடுவார். மின்கணக்கு எடுக்க வருகிறவர், கையில் இருக்கும் எந்திரத்தை அவன் முதுகில் வைத்துக்கொண்டு எழுதுவார். என் மனைவிக்கு இதெல்லாம் பெருமை. "நம்ம வீட்டுல வாரவுகளுக்கு முத ஆளா மரியாத செய்யுதது அவன்தான்" என்பாள். மரியாதை என்ற சொல்லை அவளும் நானும் வேறு வேறு அகராதியில் படித்திருந்தோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டமும் கிணறும் உண்டு. ஒரு மழை இரவில் யாரோ வந்து மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி முழுவதையும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் சேறு காய்வதற்குள் எதிர்வீட்டு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றில் இருந்த தடங்களை எனக்கு வாசித்துக் காட்டினார். வேலியருகே ஒரு மனிதனின் செருப்புத் தடம். அதன் இடது பக்கத்தில், ஒட்டினாற்போல, நாயின் தடம். இரண்டும் ஜோடியாகக் கிணறுவரை வந்திருந்தன. மோட்டார் அருகே, திருடன் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்தில், நாயும் உட்கார்ந்திருந்த பள்ளம். பக்கத்தில் ஒரு பன் சுற்றி வந்த பேப்பர். பிறகு இரண்டு தடமும் சேர்ந்தே வேலிவரை திரும்பிப் போயிருந்தன. வேலியோடு நாயின் தடம் நின்றுவிட்டது. வழியனுப்பியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். இவன் அதற்குள் அவர் காலில் சாய்ந்திருந்தான்.

"புரொபசர், இவன சாட்சியா போட்டாக்கூட அந்தப் பக்கம்தான் பேசுவான்" என்றார்.

அன்று சாயந்திரம் நடைப்பயிற்சிக்குப் போனபோது, எனக்கு முன்னே போனவர்கள் பேச்சை நிறுத்திச் சிரிப்பை விழுங்குவதைப் பார்த்தேன். பன் பேப்பர் வரை செய்தி போயிருந்தது. மூன்றாம் நாள் காலை, மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவனைக் காரில் ஏற்றினேன். ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவன் பின் சீட்டில் நின்று, வழி முழுக்க என் சீட்டின் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில், பழைய கோழிப்பண்ணை ஒன்றை நாய்கள் காப்பகமாக மாற்றி நடத்திக்கொண்டிருந்தார் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். ஆதரவற்ற நாய்களை வைத்திருந்து, வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பார். மேற்குப் பக்கம் மலை அவ்வளவு கிட்டத்தில் இருக்கும். நர்ஸம்மா ஒரு படிவத்தை நீட்டினார். நாயின் வயது, தடுப்பூசி விவரம் எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு வரி: விட்டுச் செல்வதற்கான காரணம்.

அந்த வரியில் பேனா நின்றது. உண்மையான காரணம், நாய் கடிக்க மாட்டேன் என்கிறது. அதை எழுதி, கீழே என் கையெழுத்தையும் ராஜபாளையம் முகவரியையும் போட வேண்டும். என்னால் முடியவில்லை. கடிக்காத நாயை விட்டவன் என்பதைவிட, கடிக்கிற நாயை வேறு வழியில்லாமல் விட்டவன் என்பது கௌரவமாகத் தோன்றியது. "அந்நியரைக் கடிக்கிறது" என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

நர்ஸம்மா படிவத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அவன் அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான்.

"யாரக் கடிச்சான் சார்?"

"கூரியர் கொண்டுவந்தவர."

"எங்க?"

"வலது கெண்டைக்கால்ல" என்றேன். ஒரு பொய்க்கு உடற்கூற்றியல் சேர்த்துச் சொல்ல விலங்கியல் படித்தவனால்தான் முடியும்.

அவர் எழுதிக்கொண்டார். அந்தக் காப்பகத்தில் ஒரு கண்டிப்பான ஏற்பாடு இருந்தது. வளர்த்தவரே கடிக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், கூண்டில் சிவப்பு அட்டை மாட்டிவிடுவார்கள். வளர்த்தவரே வந்து மாற்றி எழுதிக் கொடுத்தால் ஒழிய அதை எடுக்க மாட்டார்கள். முன்பு ஒரு முறை நர்ஸம்மாவே அட்டையைக் கழற்றிக் கொடுத்த நாய், எடுத்துப் போனவர் கையைக் குதறி, பெரிய வம்பாகிவிட்டதாம். ஆக, என் நாயின் கூண்டில் சிவப்பு அட்டை ஏறியது. "எச்சரிக்கை: கடிக்கும்." அதன் கீழே கூரியர்காரரும் அவருடைய வலது கெண்டைக்காலும் இருந்தன.

மனைவியிடம், ஒரு வாரத்தில் யாராவது கொண்டுபோய்விடுவார்கள், நல்ல நாய் அல்லவா என்றேன். நான் மனதறிந்து சொன்ன உண்மை அது ஒன்றுதான்: நல்ல நாய்.

புதன்கிழமைகளில் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பாசம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், குற்றம் செய்த இடத்தைப் போய்ப் போய்ப் பார்க்கிற புத்தி. போகும்போதெல்லாம் நர்ஸம்மா ஒரே மாதிரி ஆரம்பிப்பார்.

"சார், இங்க வாரவுக எல்லார் மேலயும் சாயுதான். ஊசி போடுத டாக்டர் மேலகூட. உண்மையிலேயே கடிச்சானா?"

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்கென்று திறந்து வைத்த கதவு அது. நான் அந்த வாசலில் நின்று பாடம் நடத்தினேன். இடம் மாறிய நாய் தொடக்கத்தில் அடங்கியிருப்பது போலத் தெரியும் என்றேன். இனத்தின் இயல்பு ரத்தத்தில் உறங்கும், தூண்டல் கிடைத்தால் விழிக்கும் என்றேன். ஒரு நாள் அவருக்கென்று இரண்டு பக்கக் குறிப்பே எழுதிக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுவதையும் வாசித்தார். "படிச்சவுக சொல்லுதிய, சரியாத்தான் இருக்கும்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருந்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது. என் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். நாற்பது வருடம் நோயாளிகள் பொய் சொல்வதைக் கேட்டு ஊசி போட்டவர்.

அந்த மாதங்களில் வந்துபோனவர்களைப் பற்றி அவர் சொல்வார். குடும்பமாக வருகிறவர்கள் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே வந்து இவன் முன்னால் நிற்பார்கள். அழகாக இருக்கிறான் என்பார்கள். அட்டையை வாசிப்பார்கள். அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். கடிக்கிற நாய்தான் வேண்டும் என்று தேடி வந்தவரும் ஒருவர் உண்டு. கூமாப்பட்டிக்காரர், தென்னந்தோப்புக் காவலுக்கு. அட்டையை வாசித்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். கூண்டைத் திறந்துவிடச் சொன்னார். இவன் வெளியே வந்து, கையை முகர்ந்து, திரும்பி, சாய்ந்தான். அவர் சிறிது நேரம் ஆடாமல் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு நான் ஒரு தலகாணிய வாங்கிட்டுப் போயிருவேனே" என்று சொல்லிப் போய்விட்டார்.

சாதுவான நாய் தேடி வந்தவர்களை என் கையெழுத்து விரட்டியது. முரட்டு நாய் தேடி வந்தவரை அவன் குணம் விரட்டியது. நடுவில் அவன் கூண்டுக்குள்ளேயே இருந்தான்.

அங்கே சாய்வதற்கு எப்போதும் ஆள் இல்லை. நாற்பது நாய்களுக்கு நர்ஸம்மாவும், கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவரும்தான். அதனால் அவன் கம்பி வலையில் சாயப் பழகியிருந்தான். யாராவது நடந்து வரும் சத்தம் கேட்டாலே, வலைக்குப் பக்கத்தில் வந்து உடம்பைச் சாய்த்துத் தயாராக நிற்பான். ஆறேழு மாதத்தில் அவன் தோளிலும் விலாவிலும் முடி தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் ரோஸ் நிறமாகத் தெரிந்தது. வலையின் கட்டங்கள் அதில் பதிந்திருந்தன. நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சத்துக் குறைபாடாக இருக்கும், மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்துப் பாருங்கள் என்றேன்.

அவர் வலையின் துவாரத்தில் விரலை விட்டு அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கே திரும்பக் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவனை விட்ட நாலாவது மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை முடிந்து, நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். முப்பத்திரண்டு கிலோ போய் அவள் இடது காலில் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விலங்கியல் தேவையில்லை. அவளே அதைச் சொல்லிவிட்டாள். ஆனால் புதன்கிழமை நான் திரும்பியதும் அவள் கேட்பது ஒன்றுதான். யாரும் வந்து பார்த்தார்களா? பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பேன்.

பதினான்காவது மாதம் நர்ஸம்மா அவன் படம் ஒன்றை என் போனுக்கு அனுப்பினார். மலையைப் பின்னால் வைத்து எடுத்த நல்ல படம். மனைவி ஆசையாக வாங்கிப் பார்த்தாள். கண் சரியாகத் தெரியாததால் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பெரிதாக்கினாள், பிறகு தேய்ந்த தோளை, பிறகு கூண்டின் மூலையில் தொங்கிய அட்டையை. வெகுநேரம் வாசித்தாள்.

"அவன் யாரக் கடிச்சான்?"

"யாரயும் இல்ல."

"பொறவு இதுல கூரியர்காரர்னு போட்டிருக்கே."

சொன்னேன். எதிர்வீட்டு இன்ஸ்பெக்டர், பன் பேப்பர், படிவத்தின் கடைசி வரி, இரண்டு பக்கக் குறிப்பு எல்லாம். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நானும் இரண்டு வார்த்தை சொல்லித் தப்பித்துவிடலாம். அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"பதினாலு மாசமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் புதன்கிழமை வரை எங்கள் வீட்டில் சாப்பாடு பற்றிய பேச்சு மட்டும்தான். புதன்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "எழுதுனத அழிச்சிட்டு வாங்க" என்றாள்.

நர்ஸம்மாவிடம் தனியாக, குரலைத் தாழ்த்தி, வயதின் காரணமாக அப்போது ஏதோ தவறுதலாக எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று வழியில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். மன்னிப்புக் கேட்கப் போகும்போதுகூட கொஞ்சம் பொய்யைக் கையில் வைத்திருந்தேன்.

போனால் அங்கே ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தாலி போல, துணி அளக்கிற இஞ்சுநாடா தொங்கியது. எடுக்க மறந்து வந்திருக்கிறார். தளவாய்புரத்தில் வீட்டிலேயே மூன்று மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அவர் என் நாயின் கூண்டு முன்னால்தான் நின்றார். வலையில் உள்ளங்கையை வைத்திருந்தார், இவன் அந்தப் பக்கத்திலிருந்து அதில் சாய்ந்திருந்தான். அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவன் கண் பாதி மூடியிருந்தது. அப்போது அவர் அட்டையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

இவன் வலையைவிட்டு நகரவில்லை. கை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

அந்த அம்மா இரண்டு கூண்டு தள்ளிப் போய் ஒரு செவலை நாயைக் காட்டி, இது எப்படி என்று கேட்டார். அது குரைக்காது, சாது என்றார் நர்ஸம்மா. சொல்லும்போது என்னைப் பார்த்தார். பிறகு படிவம் எடுக்க அலுவலக அறைப் பக்கம் திரும்பினார். பத்தடி தூரம். அவர் படிவத்தோடு திரும்பினால் செவலை நாய்தான் என்று முடிந்துவிடும். நான் தயார் செய்து வந்த வாக்கியத்தில் வயது இருந்தது, தவறுதல் இருந்தது, இந்த அம்மாவுக்குச் சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

"அம்மா, அந்த வெள்ள நாய் கடிக்காது" என்றேன்.

"அட்டையில போட்டிருக்கே ஐயா."

"அது பொய். எழுதுனது நான்தான்."

அவர் என் வெள்ளைச் சட்டையையும் கண்ணாடியையும் பிஸ்கட் பாக்கெட்டையும் பார்த்தார். "ஒங்க நாயா?"

"ஆமா."

"கடிக்காத நாய எதுக்குக் கொண்டாந்து விட்டிய?"

"கடிக்கலன்னுதாம்மா."

சொல்லிவிட்டேன். மலை அப்படியேதான் இருந்தது. கூட்டிக்கொண்டிருந்த அம்மா மட்டும் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

தையல்கார அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்தார், யோசித்தார். "எங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருவது முப்பது பொம்பளையாளுக வருவாக. அளவு குடுக்க, தச்சத வாங்க. முந்தி இருந்த நாயி ஒருத்தர அண்ட விடாது. அது போனதும் நாயே வேண்டாம்னுதான் இருந்தேன். சாயந்திரம் மெஷின் நின்னுட்டா வீடு ஒரு மாதிரி இருக்கு, அதான் வந்தேன். இவன் ஒருத்திய கடிச்சாலும் எம் பொழப்பு போயிரும்." என்னை மறுபடி ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்குப் பொய் எழுதுனவிய. இப்பம் மட்டும் உண்மை சொல்லுதியன்னு நான் எப்படி நம்ப?"

நியாயமான கேள்வி. முப்பத்து நான்கு வருடம் நான் சொன்னதைக் கேள்வி கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்ட பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். என் வார்த்தைக்கு அந்த இடத்தில் ஒரு பிஸ்கட் அளவுகூட மதிப்பில்லை. பாதி வழியில் நின்றிருந்த நர்ஸம்மாதான் திரும்பி வந்து கூண்டைத் திறந்தார்.

அவன் வெளியே வந்தான். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வழியில் என் கையை ஒரு தடவை முகர்ந்தான். பிறகு நேரே அந்த அம்மாவிடம் போய், அவர் கையை முகர்ந்து, திரும்பி, தேய்ந்த தோளை அவருடைய இடது காலில் வைத்துச் சாய்ந்தான். கனம் தாங்காமல் அவர் ஒரு அடி பின்னால் வைக்கப் போனார்.

"நகராதீங்கம்மா, விழுந்திருவான்" என்றேன்.

அவர் நகரவில்லை. சற்று நேரத்தில் அவர் கை இறங்கி, முடி இல்லாத அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் நின்றது. "இது என்ன?" என்று கேட்டார்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி நான் பேசவில்லை. "வலையில சாஞ்சு சாஞ்சு தேஞ்சதும்மா. என்னாலதான்" என்றேன்.

நர்ஸம்மா தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். வெள்ளைத் தாளில் என் கைப்பட எழுத வேண்டும். எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். "முத தடவ எழுதையில எங்கிட்ட கேட்டா எழுதுனிய?" என்றார். அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் என்னைக் கடிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். எழுதினேன். நாய் யாரையும் கடித்ததில்லை. கடிக்கவில்லை என்ற காரணத்தால் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். கூரியர்காரர் என்று யாரும் இல்லை. கையெழுத்து இந்த முறை கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் எழுதி முடித்து, அவர் முத்திரை குத்தும்வரை, அந்த அம்மா வெயிலில் ஒரே இடத்தில் நின்றிருந்தார்.

அவனை ஆட்டோவில் ஏற்றும்போது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்துக்கொண்டேன். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், அப்போது கண் கலங்கும், துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று. அவன் பார்க்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவரின் முதுகில் எப்படிச் சாய்வது என்பதிலேயே கவனமாக இருந்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அன்று அவளே ரசம் வைத்தாள், ஊன்றுகோலோடு.

போன மாதம் அவளுடைய நைட்டிகள் நான்கை எடுத்துக்கொண்டு தளவாய்புரம் போனேன். ஊன்றுகோலில் தடுக்குவதால் நீளத்தைக் குறைக்க வேண்டும். ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு தையல்கடை இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். அவள்தான் பையில் வைத்துக் கொடுத்தாள்.

அந்த வீட்டு கேட் திறந்தே கிடந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. வராந்தாவில் செருப்புகளுக்கு நடுவே அவன் படுத்திருந்தான். நான் உள்ளே நுழையவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். எங்கள் ஊர்க் கணக்குப்படி, நல்ல மதிப்பான வீட்டுக்கு நிற்கிற தூரம். அங்கே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வாசலில் ஒருவரும் எனக்காகச் சொல்லாததை நானே உரக்கச் சொன்னேன்.

"நாயைப் பிடிங்க!"

உள்ளே பேச்சு நின்றது. பிறகு நாலைந்து பெண்கள் சிரிக்கும் சத்தம். மெஷினை நிறுத்தாமலே அந்த அம்மா குரல் கொடுத்தார்.

"யாரு, வாத்தியாரையாவா? அவன் ஒண்ணும் செய்ய மாட்டான், வாங்க."

அதற்குள் அவன் எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டான். தோளில் முடி வளர்ந்திருந்தது. கையை ஒரு தடவை முகர்ந்தான். திரும்பினான். நான் நைட்டிப் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது காலை ஊன்றி நின்றேன். முப்பத்திரண்டு கிலோவும் வந்து இறங்கியது, எல்லாருக்கும் இறங்குவது போலவே. ஒரு வேன் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை.